இரவு மாத்திரையும் ஒரு செம்பு தண்ணீரும்

(ஆஸ்பத்திரி நண்பர்கள் கூடுகையில் எங்கள் ஆஸ்பத்திரி குருவானவர் ஆற்றிய உரை. வர இயலாத நண்பர்கள் கேட்டுக்கொண்டபடி இங்கே அச்சிடப்படுகிறது.)



குருவானவரைப் பேச அழைத்தால் பிரசங்கம் வரும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளோ சிறுநீர்த் தொற்று. சிலருடைய முகத்தில் சிரிப்பைப் பார்க்கிறோம். சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் இந்தப் பேச்சை எடுக்கக் கூச்சப்பட்டுத்தான் நம் வீடுகளில் எத்தனையோ பெரியவர்கள் எரிச்சலையும் கடுப்பையும் உள்ளே அடக்கிக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்.

வார்டில் ஒவ்வொரு கட்டிலாக விசாரித்துக்கொண்டு போகிறபோது, டாக்டரிடம் சொல்லக் கூசுகிற காரியங்களை வயதானவர்கள் எங்களிடம் சொல்லுவார்கள். அடிக்கடி காதில் விழுகிற ஒரு விண்ணப்பம் உண்டு. "ஐயா, எனக்கு நீர்க்கடுப்பு வந்து வந்து போகுது. மருந்து சாப்பிட்டா நிக்குது, ஒரு மாசத்துல திரும்ப வருது. வராமலே தடுக்கிறதுக்கு தினம் ராத்திரி போடுற மாத்திரை ஒண்ணு இருக்குதாமே? டாக்டரம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லி எழுதி வாங்கித் தாங்களேன்."

அந்த மாத்திரையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். நாங்கள் வைத்தியர்கள் அல்ல. எங்கள் டாக்டர்களிடமும் நர்சுகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், கட்டிலருகில் கண்டதையும் சேர்த்துச் சொல்லுகிறோம். நீங்கள் வீட்டுக்குப் போனபின் உங்கள் தாயாரிடமோ மாமியாரிடமோ தாத்தாவிடமோ இதைப் பேசுவீர்களானால், இந்த நேரம் வீணாகாது.

வயதானபின் ஏன் இப்படி?

குடலில் சாதாரணமாகக் குடியிருக்கும் ஈ.கோலை என்ற கிருமிதான் பெரும்பாலும் இந்தத் தொற்றுக்குக் காரணம். அது இருக்கிற இடத்தில் இருந்தால் தொல்லையில்லை. வழி தவறிச் சிறுநீர்ப் பைக்குள் ஏறிவிட்டால் எரிச்சல், கடுப்பு, அடிக்கடி போகவேண்டும் என்ற அவசரம், அடிவயிற்று வலி எல்லாம் வரும். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு. ஆகையால் அவர்களுக்கே இந்தத் தொல்லை அதிகம்.

மாதவிலக்கு நின்றபின் பெண்களுடைய உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்துவிடுகிறது. அதுவரை பிறப்புறுப்புப் பகுதியில் காவலாளிபோல் இருந்த நல்ல கிருமிகளும் குறைந்துபோகின்றன. அந்த இடத்தை ஈ.கோலை பிடித்துக்கொள்ளுகிறது. ஆண்களுக்கு வயதாகும்போது புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைக்கிறது. சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் பையில் தங்குகிறது. தேங்கிய குளத்தில் பாசி பிடிப்பதுபோல், தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகுகிறது. இவற்றோடு சர்க்கரை வியாதி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல், கர்ப்பப்பை இறக்கம் ஆகியவையும் சேர்ந்துகொள்ளலாம்.

ஒருமுறை வந்து போனால் அதைப் பெரிதாக நினைக்கவேண்டியதில்லை. ஆறு மாதத்தில் இரண்டு முறையோ, ஒரு வருஷத்தில் மூன்று முறையோ வந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். தடுப்பு மாத்திரையைப் பற்றிய கேள்வி அப்போதுதான் எழும்புகிறது.

அந்த இரவு மாத்திரை என்ன செய்கிறது?

தொற்று வந்தபின் சில நாட்களுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாட்டிக் மருந்தையே, குறைந்த அளவில், தினம் இரவு படுக்கப்போகுமுன் மாதக்கணக்கில் கொடுப்பதுதான் தடுப்பு முறை. நைட்ரோஃபுரன்டாயின் 50 அல்லது 100 மில்லிகிராம், டிரைமெத்தோபிரிம் 100 மில்லிகிராம் ஆகியவை வழக்கமாக எழுதப்படுகிறவை. இரவில் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. தூங்குகிற நேரத்தில் சிறுநீர் பையில் நெடுநேரம் தங்குகிறது. மருந்தும் அதனோடு அங்கே தங்கி வேலை செய்யும்.

இது பலன் தருமா என்றால், தரும். இதை மறைக்கக் கூடாது. வயதானவர்களைப் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் தேடித் தொகுத்து 2017இல் வெளியான ஒரு கட்டுரையில் மூன்று பரிசோதனைகள் சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றில் பங்குபெற்றவர்கள் மாதவிலக்கு நின்ற 482 பெண்கள். நெடுநாள் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்குத் தொற்று திரும்ப வருகிற அபாயம் சுமார் 24 சதவீதம் குறைந்தது. வேறு விதமாகச் சொன்னால், எட்டு அல்லது ஒன்பது பேர் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் அவர்களில் ஒருவர் தொற்றிலிருந்து தப்புகிறார். மற்ற ஏழெட்டுப் பேருக்கு மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் முடிவு ஒன்றுதான். அந்த மூன்று பரிசோதனைகளிலும் வயதான ஆண்கள் சேர்க்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

தப்பித்த அந்த ஒருவர் உங்கள் தாயாராக இருந்தால் அது பெரிய காரியம். மாதம் தவறாமல் காய்ச்சலும் நடுக்கமுமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர், ஆறு மாதம் வீட்டில் நிம்மதியாக இருந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆகையால் இந்த மருந்தைக் கெட்டது என்று சொல்ல நாங்கள் இங்கே நிற்கவில்லை. இதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையை அறிந்து வாங்கவேண்டும் என்றே சொல்ல வந்தோம்.

கொடுக்கிற விலை

வயலில் ஒரே களைக்கொல்லியை வருஷா வருஷம் அடித்தால் என்ன ஆகும் என்று விவசாயிகளுக்குத் தெரியும். சாகிற களை செத்துவிடும். சாகாத களை மட்டும் மிஞ்சி, விதை போட்டு, வயல் முழுவதும் அதுவாகவே நிற்கும். நம்முடைய குடலும் ஒரு வயல்தான். தினம் ஒரு மாத்திரை போகும்போது அந்த மருந்துக்கு அடங்குகிற கிருமிகள் அழிந்து, அடங்காதவை பெருகுகின்றன.

நெதர்லாந்து தேசத்தில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அடிக்கடி தொற்று வருகிற, மாதவிலக்கு நின்ற 252 பெண்களில் ஒரு பகுதியினருக்குத் தினம் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும், மற்றவர்களுக்கு லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல கிருமிகள் அடங்கிய மாத்திரையும் ஒரு வருஷம் கொடுத்தார்கள். கோட்ரைமாக்சசோல் எடுத்தவர்களுக்கு வருஷத்தில் சராசரியாக 2.9 முறை தொற்று வந்தது. மற்றவர்களுக்கு 3.3 முறை வந்தது. ஆனால் கோட்ரைமாக்சசோல் தொடங்கிய ஒரே மாதத்தில், அவர்கள் உடலிலிருந்த ஈ.கோலை கிருமிகளில் அந்த மருந்துக்கு அடங்காதவை 20 முதல் 40 சதவீதம் என்ற நிலையிலிருந்து 80 முதல் 95 சதவீதம் என்ற நிலைக்கு ஏறிவிட்டன. மருந்தை நிறுத்தியபின் மூன்று மாதத்தில் அது மெல்ல இறங்கத் தொடங்கியது. இந்தக் கடைசிச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தினால் வயல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்துகிறது.

இது ஒரு வீட்டோடு முடிகிற காரியமும் அல்ல. ஒருவருடைய குடலில் வளருகிற அடங்காத கிருமி வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பக்கத்துக் கட்டில்காரருக்கும் பரவுகிறது. பெனிசிலினை 1928இல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, மருந்தைச் சரியாகப் பயன்படுத்தாவிட்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். நம் நாட்டில் 2012இல் மருத்துவச் சங்கங்களின் பிரதிநிதிகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் மருந்துகளை அளவோடு பயன்படுத்துவதற்கான திட்டம் ஒன்றை வகுத்தார்கள். அது சென்னைப் பிரகடனம் என்றே பெயர் பெற்றது.

வார்டில் இதை எண்களாகப் பார்ப்பதில்லை. ஒரு பெரியவர் கிருமி இரத்தத்தில் கலந்து, இரத்த அழுத்தம் இறங்கி, மயங்கிய நிலையில் வருகிறார். கல்ச்சர் பரிசோதனையின் காகிதம் வருகிறது. மருந்துகளின் பெயர் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அடங்கவில்லை, அடங்கவில்லை என்று போட்டிருக்கிறது. டாக்டர் அந்தக் காகிதத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு பிள்ளைகளை வெளியே அழைத்துப் பேசுவார். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் எங்களையும் கூப்பிட்டு அனுப்புவார்கள். அந்தக் காகிதத்தில் கடைசிவரை ஒரு மருந்தாவது பலன் தருவதாக இருக்கவேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொல்லுகிறோம்.

மருந்துகளுக்கு அவற்றின் சொந்தத் தொல்லைகளும் உண்டு. நைட்ரோஃபுரன்டாயின் மாதக்கணக்கில் எடுக்கும்போது சிலருக்கு நுரையீரல், ஈரல், கைகால் நரம்புகள் பாதிக்கப்படுகின்றன. அதை எடுக்கிறவருக்குப் புதிதாக வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால், வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் சொல்லவேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அந்த மருந்து பொருந்தாது. டிரைமெத்தோபிரிம் சேர்ந்த மருந்துகள் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடக்கூடும். இரத்த அழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் எனாலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றை எடுக்கிற பெரியவர்களுக்கு இது ஆபத்து. சிப்ரோஃப்ளாக்சசின் இனத்து மருந்துகள் தசைநாண்களைப் பாதிக்கக்கூடியவை. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த அபாயம் கூடுதல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், வேறு வழியிருக்கும்போது சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கு அவற்றைக் கொடுக்கவேண்டாம் என்று 2016இல் அறிவித்தது. நம் ஊரிலோ அதைத்தான் மிட்டாய்போல் கடையில் கேட்டு வாங்குகிறோம்.

டாக்டரிடம் கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்

மாத்திரை வேண்டும் என்று கேட்கப்போகிறவர்கள் முதலில் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, வந்தது தொற்றுதானா? வயதானவர்களில் பலருக்குச் சிறுநீரில் எந்நேரமும் கிருமி இருக்கும், ஆனால் தொல்லை ஒன்றும் இராது. முதியோர் இல்லங்களில் தங்கியிருக்கிற பெண்களில் 25 முதல் 50 சதவீதம் பேருக்கு இப்படி இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். இது வியாதி அல்ல, இதற்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்று அமெரிக்கத் தொற்றுநோய் வல்லுநர் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சிறுநீர் கலங்கியிருப்பதோ, வாடையடிப்பதோ மட்டும் தொற்றுக்கு அடையாளம் ஆகாது. பாட்டி திடீரென்று பிதற்றினால் உடனே யூரின் இன்பெக்ஷன் என்று முடிவுகட்டும் வழக்கமும் பரவியிருக்கிறது. எரிச்சலோ காய்ச்சலோ இல்லாதபோது, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை, சர்க்கரை தாழ்வு இவற்றையெல்லாம் முதலில் பார்க்கவேண்டும் என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். அதே சமயம் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்புற வலி, சோர்ந்து கிடப்பது இவை கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, கல்ச்சர் பரிசோதனை செய்தாயிற்றா? எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியாமல் ஆறு மாத மருந்தைத் தொடங்குவது, முகவரி எழுதாத கடிதத்தைத் தபாலில் போடுவதுபோல. இதற்குச் சில நாட்களும் கொஞ்சம் பணமும் ஆகும். பணமில்லை என்று கல்ச்சரை விட்டுவிட்டு மருந்தை மட்டும் வாங்கிப்போகும் ஏழைகள் உண்டு. நண்பர்களே, ஏழை நோயாளிகள் நிதிக்கு நீங்கள் அனுப்புகிற சிறு தொகை இப்படிப்பட்ட ஒரு பரிசோதனைக்குச் செலவாகும்போது, அது மருந்துக்குச் செலவாவதைவிடக் குறைந்த தர்மம் அல்ல.

மூன்றாவது, சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது இருக்கிறதா? புராஸ்டேட், கல், இறங்கிய கர்ப்பப்பை, கட்டுக்கடங்காத சர்க்கரை ஆகியவற்றைப் பாராமல் மாத்திரை மட்டும் கொடுப்பது, ஓட்டைக் கூரையின் கீழே வாளி வைப்பதற்குச் சமம். முக்கியமாகச் சிறுநீர் டியூப். டியூப் போட்ட ஒவ்வொரு நாளும் கிருமி ஏறும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. ஒரு மாதம் இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் கிருமி ஏறிவிடும். டியூப் இருக்கும்வரை தடுப்பு மாத்திரை கொடுத்துக்கொண்டே இருப்பது வழக்கமான முறையாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. ஆகவே, "இந்த டியூப் இன்னும் தேவையா டாக்டர்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்படமாட்டார்.

நான்காவது, எப்போது நிறுத்துவது? இதுதான் பெரும்பாலும் கேட்கப்படாமல் போகிற கேள்வி. தடுப்பு மாத்திரையை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டி சொல்லுகிறது. தொடங்கிய டாக்டர் மாறிப்போகிறார், சீட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. மகன் மாதாமாதம் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருக்கிறார். ஏன் சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களைச் சந்திக்கிறோம். தொடங்குகிற அன்றே, நிறுத்தவேண்டிய அல்லது திரும்பக் காட்டவேண்டிய தேதியைச் சீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

மாத்திரைக்கு முன் செய்யக்கூடியவை

ஆன்டிபயாட்டிக் அல்லாத வழிகள் இல்லையா என்றால், உண்டு.

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, உள்ளே தடவிக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நல்ல பலன் தருகிறது. இஸ்ரேலில் நடந்து 1993இல் வெளியான ஆய்வில் 93 பெண்கள் பங்குபெற்றார்கள். களிம்பு பயன்படுத்தியவர்களுக்கு வருஷத்துக்குச் சராசரியாக 0.5 முறையே தொற்று வந்தது. மருந்தில்லாத வெறும் களிம்பு பயன்படுத்தியவர்களுக்கு 5.9 முறை வந்தது. இவ்வளவு பலனுள்ள ஒன்றை நம் தாய்மார் கேட்கக் கூசுகிறார்கள். கேட்டு வாங்கிப் போனவர்களும் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். நர்சம்மாவிடம் தனியாகக் கேட்டால் எப்படிப் பயன்படுத்துவதென்று பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் முதலில் தங்கள் டாக்டரைக் கலந்துகொள்ளவேண்டும்.

மெத்தனமின் ஹிப்புரேட் என்ற பழைய மருந்து ஒன்று உண்டு. இது ஆன்டிபயாட்டிக் வகையைச் சேர்ந்ததல்ல. சிறுநீரின் புளிப்பில் பிரிந்து கிருமியைக் கொல்லுகிறது. பிரிட்டனில் 240 பெண்களுக்குள் நடந்து 2022இல் வெளியான பரிசோதனையில், தினசரி ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கு வருஷத்துக்கு 0.89 முறையும், மெத்தனமின் எடுத்தவர்களுக்கு 1.38 முறையும் தொற்று வந்தது. வித்தியாசம் சிறிதே என்பதால், இதுவும் ஆன்டிபயாட்டிக்குக்குப் பதிலாக நிற்கத் தகுந்ததே என்று முடிவு செய்தார்கள். யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

இனித் தண்ணீருக்கு வருகிறோம். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பழக்கமுள்ள 140 பெண்களில் பாதிப்பேரைத் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் செய்தார்கள். வருஷத்தில் அவர்களுக்கு 1.7 முறையும் மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. அவர்கள் மாதவிலக்கு நிற்காத பெண்கள். ஆகவே அந்தக் கணக்கை அப்படியே நம் பாட்டிமாருக்குப் பொருத்த முடியாது. இருதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் குடிக்கவும் கூடாது. ஆனாலும் நம் வெயிலில், நாளெல்லாம் இரண்டு டம்ளர் காப்பியில் காலம் தள்ளும் ஒரு பெரியவருக்குத் தண்ணீர் தேவை என்று சொல்ல ஆய்வு வேண்டுமா?

ஏன் குடிப்பதில்லை?

இங்கேதான், நண்பர்களே, டாக்டர்களைவிட நாங்கள் சற்று அதிகமாகக் கேட்டிருக்கிறோம்.

"தண்ணி நிறையக் குடிங்கம்மா" என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். அம்மா தலையசைக்கிறார்கள். குடிப்பதில்லை. ஏன் என்று கட்டிலருகில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டால் காரணம் வருகிறது. "குடிச்சா ராத்திரி நாலு தடவை எந்திரிக்கணும் ஐயா. கக்கூஸ் கொல்லைப்பக்கம் இருக்கு. இருட்டுல விழுந்துட்டா என்ன செய்ய? மருமகளை எழுப்பணும். அது காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வேலைக்குப் போற பிள்ளை." இன்னொரு தாயார் சொன்னார்கள், "கோயிலுக்குப் போற அன்னைக்குக் காலையில இருந்து பச்சைத்தண்ணி வாயில வைக்கமாட்டேன். நடுவில எந்திரிச்சா எல்லாரும் பார்ப்பாங்க." ஒரு தாத்தா பேரன் வீட்டு மேற்கத்திய பாணிக் கழிப்பறையில் எப்படி உட்காருவதென்று தெரியாமல், கேட்கவும் கூசி, நாள் முழுவதும் அடக்கிக்கொண்டிருந்தார்.

இவர்களுக்கு எந்த மாத்திரையை எழுதுவது? இவர்களுடைய நோயின் வேர் பாதி வெட்கம், பாதி மற்றவருக்குப் பாரமாகிவிடுவோம் என்ற பயம். பிள்ளைகளிடத்தில் அன்பு இருப்பதால்தான் அந்தப் பயம். அந்த அன்பே அவர்களைத் தாகத்தில் வைத்து வியாதிக்குள்ளாக்குகிறது.

பெற்றோரைக் கனம்பண்ணவேண்டும் என்ற கட்டளையைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தோம். அதைக் கைக்கொள்ளுவதற்கு நம் வீட்டில் சில இடங்கள் காத்திருக்கின்றன. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவெல்லாம் எரியும் ஒரு சிறு விளக்கு. சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. வழுக்காத தரை. எழுந்து நடக்க முடியாதவர்களுக்குக் கட்டிலருகில் ஒரு கமோடு நாற்காலி. காலை முதல் மாலைவரை கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செம்பு தண்ணீர். அதில் பெரும்பகுதியைச் சூரியன் சாய்வதற்குள் குடித்துவிட்டால் இரவில் எழுந்திருப்பதும் குறையும். மலச்சிக்கல் வராமல் கீரையும் பழமும். எல்லாவற்றிற்கும் மேலாக, "என்னை எழுப்புங்க அம்மா, எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை" என்ற ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைக் கேட்ட அன்று இரவு நிம்மதியாகத் தண்ணீர் குடித்தோம் என்று சொன்னவர்கள் உண்டு.

சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆராதனை இரண்டு மணி நேரம் நடக்கிற ஆலயத்தில், படியில்லாமல் போகத்தக்க சுத்தமான கழிப்பறை முதியோருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். புதிய மணிக்கூண்டுக்கு முன்பாக இதைக் கட்டுங்கள்.

கடை மாத்திரையும் அடுத்த வீட்டு மாத்திரையும்

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். ஆன்டிபயாட்டிக் மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்பது சட்டம். அவற்றில் சில முக்கியமானவற்றை 2014 மார்ச் 1 முதல் எச்1 என்ற தனி அட்டவணையில் சேர்த்து, வாங்குகிறவர் பெயரையும் எழுதிய டாக்டர் பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைக்கவேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. சட்டம் இருந்தும், "நீர்க்கடுப்புக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்கிற பழக்கம் போகவில்லை. இரண்டு மாத்திரையில் எரிச்சல் தணியலாம், கிருமி தணியாது. அடுத்த வீட்டு அக்காவுக்குக் கேட்ட மருந்து உங்கள் சிறுநீரகத்துக்கு ஒத்துக்கொள்ளாததாகவும் இருக்கலாம். மீந்துபோன மாத்திரைகளைப் பாட்டிக்கு ஆகுமென்று டப்பாவில் சேர்த்துவைக்காதீர்கள்.

மாத்திரை தேவைப்படுகிறவர்களுக்கு

இவ்வளவும் கேட்டபின், இப்போது தடுப்பு மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும் யாராவது மனம் கலங்கியிருக்கலாம். கலங்கவேண்டாம். நீங்களாக நாளைக்கே நிறுத்திவிடவும் வேண்டாம். மற்ற வழிகளையெல்லாம் செய்து பார்த்தும் தொற்று விடாமல் வருகிறவர்களுக்கு, டாக்டர் யோசித்து, கல்ச்சர் பார்த்து, தேதி குறித்து எழுதிய மாத்திரை நன்மையான மருந்து. அதை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். அடுத்தமுறை போகும்போது அந்த நான்கு கேள்விகளை மட்டும் கேளுங்கள்.

மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவா என்று கேட்கிறவர்களும் உண்டு. எசேக்கியா ராஜா வியாதிப்பட்டு ஜெபித்தபோது, ஏசாயா தீர்க்கதரிசி அவனுடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார் என்பது வேதத்திலேயே இருக்கிறது. ஜெபமும் மருந்தும் ஒரே கட்டிலருகில் இருந்தன. இன்ன புண்ணுக்கு இன்ன மருந்து, இன்ன இடத்தில் என்று அளவாகவே அது வைக்கப்பட்டது. அந்த அளவைத்தான் நாங்களும் உங்களிடம் கேட்கிறோம்.

நண்பர்களே, முடிக்கிறோம். தொற்று உண்மையானதா என்று பாருங்கள். காரணத்தைத் தேடுங்கள். களிம்பையும் தண்ணீரையும் விளக்கையும் முதலில் முயன்று பாருங்கள். மாத்திரை தேவையானால் தேதி குறித்துத் தொடங்குங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ராத்திரி எந்திரிக்கக் கஷ்டமா இருக்குதா?" என்று கேளுங்கள். முதல் தடவை இல்லை என்றுதான் சொல்லுவார்கள். இரண்டாம் தடவையும் கேளுங்கள்.